பூவில்லாத நீலமணி ஞாயிறு

ஸ்னெட்டிங் ஊரில் பூக்களைப் பூக்க வைப்பது கடவுளின் வேலை. அவை எந்த ஞாயிற்றுக்கிழமை பூத்து நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது ஆம்ப்ரோஸ் டக்வெலின் வேலை. இருவரில் டக்வெல்தான் கறாரானவர் என்று ஊரில் பேச்சு.

ஊருக்கு மேற்கே ஆடுகள் மேயும் சரிவைத் தாண்டினால் பக்கிள் காடு. வருடத்தில் முக்கால்வாசி நாள் அது வெறும் காடுதான். ஏப்ரல் கடைசியில், பீச் என்னும் காட்டு மரங்கள் இலைவிட்டு வெயிலை மறைப்பதற்குள், நீலமணிப் பூக்கள் அவசரம் அவசரமாகத் தரை முழுக்கப் பூத்துவிட்டுப் போய்விடும். காட்டுக்குச் சொந்தக்காரியான சீமாட்டி வருடத்துக்கு ஒரே ஒரு நாள்தான் கதவைத் திறக்கச் சம்மதிப்பாள். அதுதான் நீலமணி ஞாயிறு. எந்த ஞாயிறு என்பதை ஒரு மாதம் முன்பே சொல்லியாக வேண்டும். சுவரொட்டி ஒட்ட வேண்டும், கேக் சுட வேண்டும், பக்கத்து டவுனிலிருந்து பஸ் பிடிக்க வேண்டும். பூவைக் கேட்டுக்கொண்டிருக்க நேரம் கிடையாது.

டக்வெல் பத்தொன்பது வருடங்களாக நாள் குறித்துவந்தார். ஒருமுறைகூடத் தப்பியதில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். காட்டுக் கதவின் சாவி, ஒரு சாண் நீள இரும்புச் சாவி, அவர் கோட்டுப் பையில் தொங்கி அந்தப் பக்கத் தோளையே கொஞ்சம் இறக்கிவிட்டிருந்தது. அந்த ஞாயிறன்று கதவருகே கிடக்கும் மரக்கட்டை மேல் ஏறி நின்று, வருடா வருடம் ஒரே பிரசங்கத்தைச் செய்வார்.

"பாதையை விட்டு இறங்காதீங்க. பூவைப் பறிக்காதீங்க. ஒரு தடவை நசுங்குன செடி மறுபடி தலைதூக்க வருஷக்கணக்காகும். அதோட பால் கோந்து மாதிரி ஒட்டும், அந்தக் காலத்துல புத்தகம் பைண்டு பண்ணவே அதை வெச்சிருந்தாங்க. உட்காரணும்னு தோணினா வீட்டுக்குப் போய் நாற்காலில உட்காருங்க."

பிப்ரவரியில் டாக்டர்கள் டக்வெலின் வலது முட்டியை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்தார்கள். தேறும்வரை கடலோரத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. சாவியை யாரிடம் ஒப்படைப்பது என்று ஊர்க்கூடத்தில் கமிட்டி கூடியது. தலைவி மேவிஸ் பிட்டன், தபால் கடை வைத்திருப்பவள், "யாராவது முன்வர்றீங்களா?" என்று கேட்டாள்.

எல்லோரும் தங்கள் ஷூவைப் பார்த்தார்கள். தப்பாக நாள் குறித்தவர் என்ற பெயரோடு ஸ்னெட்டிங்கில் காலம் தள்ள யாருக்குத் துணிச்சல் வரும்?

அந்த நேரம் பார்த்துக் காலிக் கோப்பைகளை எடுத்துப்போக பெரில் ஸ்டோபார்ட் உள்ளே வந்தாள். பெரிலுக்கு அறுபத்தொரு வயது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளாக, இருபத்திரண்டு வருடங்கள், ஊர்க்கூடத்துச் சமையலறையில் கோப்பை கழுவுகிறாள். கூச்சக்காரி. யாராவது நிமிர்ந்து பார்த்தால் தட்டை முகத்துக்கு நேராகத் தூக்கித் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். நீலமணி ஞாயிறன்று ஊரே காட்டுக்குப் போகும். போனவர்கள் திரும்பி வரும்போது தேநீர் தயாராக இருக்க வேண்டும் என்பதால் பெரில் போகமாட்டாள். கடைசிக் கோப்பை காய்வதற்குள் டக்வெல் கதவைப் பூட்டியிருப்பார். இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் காடு பூத்து அவள் பார்த்ததில்லை.

"நான் வேணா வெச்சுக்கவா?" என்றாள் பெரில்.

"எதை? கப்பையா?" என்றாள் மேவிஸ்.

"சாவியை."

கூடத்தில் இருந்த எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பெரில் கையிலிருந்த தட்டைத் துடைக்க ஆரம்பித்தாள். டக்வெல் நெடுநேரம் யோசித்தார். பிறகு சாவியை எடுத்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற முகத்தோடு அவளிடம் நீட்டினார்.

"இந்த ஒரு வருஷம் பாருங்கம்மா. சரியா வந்துதுன்னா சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். சரியா வரலைன்னா…" சமையலறைப் பக்கம் தலையைச் சாய்த்தார். "கப்பு எங்கயும் ஓடிப்போயிடாது."

சாவியோடு ஒரு காகிதமும் கொடுத்தார். அதில் ஒரே ஒரு வரி இருந்தது: ஊர் எல்லைக்குள் முதல் பூ விரிந்த பின் வரும் நான்காவது ஞாயிறு. அதன் கீழே இன்னொரு வரியை எழுதி, படிக்கவே முடியாதபடி அழுத்தி அழுத்தி அடித்திருந்தார்.

வீட்டில் அடுப்புக்கு மேலே ஆணி அடித்து பெரில் அந்தச் சாவியை மாட்டினாள். சாப்பிடும்போதும் அதையே பார்த்தாள். அவள் கணவன் லென் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன்.

"அந்தச் சாவியை இப்படிப் பாக்கறியே, என்னை என்னிக்காவது அப்படிப் பாத்திருக்கியா?"

"நீ எதையாவது திறப்பியா?"

"ஜாம் பாட்டில் திறப்பேனே."

மார்ச் மாதம் ஊர்க்கூடத்தில் ஒரே அமளி. ஒரு கல்யாணம், இரண்டு ஞானஸ்நானம், ஒரு துக்கம், ஒரு பழைய துணி விற்பனை. எல்லாவற்றுக்கும் தேநீர், அதனால் எல்லாவற்றுக்கும் கோப்பை. கழுவுதொட்டியில் தண்ணீர் இறங்க மணிக்கணக்காகும் என்பதால், கோப்பை அலசிய வெந்நீரைப் பேசினோடு தூக்கிப் பின்வாசல் சுவரோரம் ஊற்றுவது பெரிலின் பழக்கம். மார்ச் நடுவில் ஒருநாள் அப்படி ஊற்றப்போனவள் பேசினைக் கீழே போட்டாள்.

சுவரை ஒட்டி, ஈர மண்ணில், ஒரே தண்டில் ஐந்து நீலமணிகள் ஒரு பக்கமாகத் தலை சாய்த்து விரிந்திருந்தன.

கை ஈரத்தைக்கூடத் துடைக்காமல் தபால் கடைக்கு ஓடினாள்.

"மார்ச்லயா?" என்றாள் மேவிஸ்.

"முதல் பூன்னுதானே எழுதியிருக்கார்? எந்த மாசம்னு எழுதலையே?"

மேவிஸ் காகிதத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். எழுதியிருக்கவில்லைதான். நாள்காட்டியில் நான்கு ஞாயிறு எண்ணினார்கள். ஏப்ரல் இரண்டாம் ஞாயிறு. மாலைக்குள் ஊரின் எல்லாக் கம்பங்களிலும் சுவரொட்டி ஏறிவிட்டது.

சுவரொட்டி காய்வதற்குள் வடக்கேயிருந்து குளிர் வந்து இறங்கியது. தோட்டத்துத் தொட்டிகளில் மறுபடி பனிக்கட்டி. ஆடுகள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நின்றன. பெரில் தினமும் காலையில் சாவியோடு போய்க் காட்டைத் திறந்து பார்த்தாள். தரை முழுக்க நீள நீளமாகப் பச்சை இலைகள், யாரோ நாற்பது ஏக்கருக்கு வெங்காயம் போட்டதுபோல. பூவின் அடையாளமே இல்லை.

ஞாயிறுக்கு மூன்று நாள் இருக்கும்போது, படுக்கையில் காலுக்கு வைத்துக்கொள்கிற வெந்நீர்ப் பை இரண்டையும் நிரப்பி, தேநீர்க் கெண்டிக்குப் போர்த்துகிற கம்பளிக் குல்லாய்களை அவற்றுக்குப் போட்டு, லென்னைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குக் கிளம்பினாள்.

"பெரில், காடு நாப்பது ஏக்கர். நம்மகிட்ட பை ரெண்டு."

"வாசல் பக்கம் மட்டும் பூத்தா போதும், லென்."

"ராத்திரி என் காலுக்கு?"

"சாக்ஸ் போட்டுக்கோ."

வாசலருகே இருந்ததிலேயே கொழுத்த செடியாகப் பார்த்து இரண்டு பக்கமும் பைகளை அணைத்து வைத்தாள். வேளைக்கு ஒருமுறை வந்து தண்ணீர் மாற்றினாள். சனிக்கிழமை பார்த்தபோது செடி நன்றாக வெந்திருந்தது.

"உப்பு போட்டா சாப்பிடலாம்," என்றான் லென்.

ஒத்திப்போடலாம் என்று சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை. ஸ்னெட்டிங்கில் எதையும் ஒத்திப்போட்ட வழக்கம் இல்லை. ஒரு வருடம் ஆறு கரை உடைத்து வந்தபோதுகூடக் காய்கறிக் கண்காட்சி கணுக்கால் தண்ணீரில் நடந்தது. பரிசு வாங்கிய பூசணி மிதந்து வாசல்வரை போய்விட்டது. பார்க்க வந்தவர்கள், நல்ல காற்றோட்டமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஞாயிறும் வந்தது. மதியம் இரண்டு மணி, சாம்பல் நிற வானம். டவுன் பஸ்ஸில் வந்தவர்களும் ஊர்க்காரர்களுமாக வேலியோரம் நீள வரிசை. பெரில் மரக்கட்டை மேல் ஏறினாள். சொந்தமாகப் பேச வராததால் டக்வெலின் பிரசங்கத்தை அப்படியே ஒப்பித்தாள். பூவை மிதிக்காதீர்கள், பூவைப் பறிக்காதீர்கள். எல்லோரும் பொறுப்பாகத் தலையாட்டினார்கள். கதவு திறந்தது. வரிசை குலையாமல் உள்ளே போனார்கள்.

பெரில் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். இதோ கத்தப்போகிறார்கள், இதோ ஏமாற்றுக்காரி என்று சொல்லப்போகிறார்கள்.

ஒரு சத்தமும் இல்லை. அடக்க முடியாமல் அவளும் உள்ளே போனாள்.

மக்கள் பாதையில் ஒருவர் பின் ஒருவராக நடந்துகொண்டிருந்தார்கள். கோயிலுக்குள் நடப்பதுபோல மெதுவாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி வெறும் இலையைப் பார்த்தார்கள். டவுன்காரர் ஒருவர் குனிந்து படம்கூட எடுத்தார்.

"எவ்வளவு பச்சை பாருங்க!"

"ஆமாங்க. போன வருஷம் கண்ணைக் குத்துற மாதிரி ஒரே நீலம். இது கண்ணுக்கு இதமா இருக்கு."

மழைக்கோட்டு போட்ட ஒரு பெண் சட்டென்று புருஷன் கையைப் பிடித்து இழுத்தாள். "ஜெரால்ட்! காலை எடு. பூவை மிதிக்கறே."

ஜெரால்ட் குனிந்து பார்த்தான். காலடியில் மண்ணைத் தவிர ஒன்றும் இல்லை. "அடடா, மன்னிச்சுக்குங்க," என்று மண்ணிடம் சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டான்.

மேவிஸ் மூக்கை உயர்த்தி நீளமாக இழுத்தாள். "அப்பா, என்ன வாசனை பெரில்!" அது காட்டுப்பூண்டின் வாசனை. பாதிரியார் ஹியூ மட்டும் கொஞ்சம் உண்மையின் பக்கம் வந்தார். "இந்த வருஷம் ஆண்டவர் கொஞ்சம் அடக்கி வாசிச்சிருக்கார்," என்றார். உடனே அதுவும் அதிகம் என்று தோன்றியதோ என்னவோ, "ரொம்ப நல்லா வாசிச்சிருக்கார்," என்று சேர்த்துக்கொண்டார்.

அப்போதுதான் கதவுப் பக்கம் டக் டக் என்று சத்தம் கேட்டது. இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோலோடு டக்வெல் வந்துகொண்டிருந்தார். தங்கை காரில் கொண்டுவந்து விட்டிருக்கிறாள். எல்லோரும் வழிவிட்டார்கள். பாதை நடுவில் நின்று இடதுபக்கம் பார்த்தார். வலதுபக்கம் பார்த்தார். வாசலருகே வெந்துகிடந்த செடியை எல்லாவற்றையும்விட அதிக நேரம் பார்த்தார்.

"கதவுக்கு எண்ணெய் போட்டிருக்கீங்க போல," என்றார் கடைசியில். "நல்லா திறக்குது."

"ஆமா சார்."

"அடுத்த வார வெள்ளிக்கிழமை கமிட்டி இருக்கில்ல? அதுல பேசிக்கலாம்." சொல்லிவிட்டுக் கேக் இருக்கும் திசையில் போய்விட்டார்.

அன்று மாலையும் கோப்பைகளைக் கழுவியது பெரில்தான். வேறு யாருக்கும் அது தோன்றவில்லை.

அதன் பிறகு வந்த நாட்கள் அவளுக்கு நரகம். கடைக்குப் போனால் மேவிஸ், "ஞாயித்துக்கிழமை மாதிரி ஒண்ணை நான் பாத்ததே இல்லை," என்பாள். தெருவில் போனால் பாதிரியார், "மறக்கவே முடியாதும்மா," என்பார். எதுவும் பொய் இல்லை. அதுதான் கொடுமையாக இருந்தது.

"திட்டித் தொலைச்சாக்கூடத் தேவலை, லென். வெள்ளிக்கிழமை வரைக்கும் இப்படியே சிரிச்சு, அப்புறம் சாவியை வாங்கிக்கப் போறாங்க."

"நம்ம ஊர்ல திட்ட ஆரம்பிக்கவே ஒரு மாசம் ஆகும். அதுவும் ஜாடையாத்தான்."

மறுவாரம் செவ்வாய்க்கிழமை குளிர் போனது. புதன்கிழமை வெயில் அடித்தது. வியாழக்கிழமை காலை பெரில் சமையலறை ஜன்னலைத் திறந்தபோது, ஆட்டுச் சரிவுப் பக்கமிருந்து ஒரு வாசனை வந்தது. தேனும் ஈரமும் கலந்தது போன்ற வாசனை. லென் முடிவெட்டப் போவதாகச் சொல்லி எட்டு மணிக்கே கிளம்பியிருந்தான். அவன் தலையில் வெட்ட என்ன இருக்கிறது என்று யோசிக்கும் நிலையில் அவள் இல்லை. நாளைக்குச் சாவி கைவிட்டுப் போய்விடும். அதற்குள் ஒரே ஒருமுறை.

ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் போய்க் கதவைத் திறந்தாள்.

தரையைக் காணவில்லை. மரங்களுக்கு அடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீலம் தேங்கி நின்றது. காற்று வந்தால் அது மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்து, மறுபடி நிதானமாக நிமிர்ந்தது. இளம் பீச் இலைகளின் ஊடே விழுந்த வெயில் அதன் மேல் சில்லறையாகச் சிதறிக் கிடந்தது. இருபத்திரண்டு வருடம் பிறர் வாயால் கேட்டதெல்லாம் எவ்வளவு கஞ்சத்தனமான வார்த்தைகள் என்று பெரிலுக்குத் தோன்றியது. ஏப்ரன் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மரத்துக்குப் பின்னால் யாரோ தும்மினார்கள்.

"யாரு?"

தலைமயிரெல்லாம் சுள்ளியும் இலையுமாக மேவிஸ் வெளியே வந்தாள்.

"பூனையைத் தேடிக்கிட்டிருக்கேன்."

"உனக்குத்தான் பூனையே இல்லையே, மேவிஸ்?"

"அதான் கிடைக்க மாட்டேங்குது."

நான்கு அடி தள்ளிப் பாதையில் பாதிரியார் குப்புறப் படுத்திருந்தார். இரண்டு கையிலும் மோவாயைத் தாங்கி, பூக்களை அவற்றின் உயரத்திலிருந்து பார்த்துக்கொண்டு. இவர்களைக் கண்டதும் எழ முயன்று, வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

"பிரசங்கம் தயார் பண்றேன்மா."

"எதைப் பத்தி ஐயா?"

"இளைப்பாறுதலைப் பத்தி."

அந்தப் பக்கப் புதர் அசைந்தது. ஒரு வழுக்கைத் தலை மெல்ல உயர்ந்தது.

"முடிவெட்டப் போறேன்னியே, லென்?"

"இது குறுக்கு வழி."

"கதவு பூட்டித்தானே இருந்துச்சு? எல்லாரும் எப்படி உள்ள வந்தீங்க?"

மூவரும் ஷூவைப் பார்த்தார்கள். கடைசியில் லென்தான் சொன்னான். "வடக்கு வேலில ஒரு சந்து இருக்கு."

"எப்போலேருந்து?"

"எப்பவும் இருக்கு. உனக்குத் தெரியாதா?"

பெரிலுக்குத் தெரியாது. ஊரே தவழ்ந்து தவழ்ந்து அந்தச் சந்தை ஒரு கதவு அளவுக்கு அகலப்படுத்தியிருந்த விஷயம் அவளுக்கு மட்டும் தெரியாது.

சுற்றிலும் நீலம் தேங்கி நிற்க, நான்கு பேரும் வானத்தைப் பார்த்தார்கள். இப்போது பூ இருக்கிறது என்று யாராவது சொன்னால், அன்றைக்கு இல்லை என்று ஆகிவிடும். அதை யார் சொல்வது?

"இந்தப் பக்கம் பூ கீ ஏதாவது இருக்கா என்ன?" என்றாள் மேவிஸ், காலை நகர்த்த இடமில்லாமல் நின்றபடி. "நான் சரியா கவனிக்கலை."

"வெயில் நல்லா இருக்கு," என்றார் பாதிரியார் தரையிலிருந்து.

அப்போது பள்ளத்திலிருந்து ஒரு முனகல் கேட்டது.

போய்ப் பார்த்தால், பூக்களின் நட்டநடுவில் ஆம்ப்ரோஸ் டக்வெல் உட்கார்ந்திருந்தார். புது முட்டி விறைத்து முன்னால் நீண்டிருந்தது. ஊன்றுகோல்கள் இரண்டும் எட்டாத தூரத்தில் கிடந்தன. அவரைச் சுற்றி ஒரு கட்டில் அகலத்துக்குப் பூ நசுங்கியிருந்தது.

"சார், உட்கார்ந்திருக்கீங்களா?" என்றாள் மேவிஸ், நம்ப முடியாமல்.

"இல்லை. நான் நின்னுக்கிட்டுதான் இருந்தேன். தரைதான் மேல வந்துடுச்சு."

"எத்தனை மணிலேருந்து?"

"ஆறரை."

"கூப்பிட்டிருக்கலாமே?" என்றாள் பெரில்.

"எப்படிக் கூப்பிடறது? மூணு பேர் தாண்டிப் போனாங்க. அவங்க என்னைப் பாக்காத மாதிரி போனாங்க. நானும் அவங்களைப் பாக்காத மாதிரி இருந்துட்டேன்."

மூன்று பேரும் மறுபடி ஷூவைப் பார்த்தார்கள். பெரிலுக்கும் ஷூ இருந்தது. ஆனால் அன்று என்னவோ பார்க்கத் தோன்றவில்லை.

"அன்னிக்குப் பூ இல்லை," என்றாள்.

பாதிரியார் தொப்பியைக் கழற்றினார்.

"பெரில்!" என்றாள் மேவிஸ், நடுத்தெருவில் யாரோ துணியை அவிழ்த்ததைப் பார்த்தவள்போல.

"ஒரு பூகூட இல்லை. நான் தப்பா நாள் குறிச்சேன். நீங்க எல்லாரும் வெங்காயத் தாளைச் சுத்திப் பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொன்னீங்க. ஜெரால்ட்னு ஒருத்தர் பாவம் வெறும் மண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டார். என்னால முடியலை. இந்தாங்க சார், நாளைக்குக் கமிட்டில கேக்கறதுக்கு இப்பவே வாங்கிக்குங்க."

ஏப்ரன் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள். வாழ்நாளில் அவள் சேர்ந்தாற்போலப் பேசிய மிக நீளமான பேச்சு அது.

டக்வெல் சாவியைத் தொடவில்லை.

"முதல் பூ எங்க பாத்தீங்க?"

"கூடத்துக்குப் பின்னாடி, சுவரோரமா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "நானும் அதைத்தான் பாத்தேன்."

"எப்போ?"

"நாலு தடவை."

"நாலு தடவையும்…?"

"பச்சை. ஒரு பூ கிடையாது."

பெரில் திரும்பி மற்றவர்களைப் பார்த்தாள்.

"அதுல ஒரு வருஷம் பனி பெஞ்சுது," என்றாள் மேவிஸ் சங்கடமாக.

"பனியும் நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் பாதிரியார்.

"ஒருத்தர்கூடச் சொல்லவே இல்லையே! ஒரு தடவையும் தப்பினதில்லைன்னு பத்தொம்பது வருஷமா என்கிட்டயே சொன்னீங்களே!"

"எப்படிச் சொல்றது பெரில்? சார் கட்டை மேல ஏறி நின்னுட்டாரே!"

டக்வெல் பெருமூச்சு விட்டார். "அந்தப் பூ ஏன் முந்திக்கிட்டுப் பூக்குதுன்னு தெரியுமாம்மா? உங்க வெந்நீர்தான். நீங்க எப்பல்லாம் மார்ச்ல நிறைய கப்பு கழுவறீங்களோ, அப்பல்லாம் அதுக்கு மே மாசம் வந்துட்டதா நினைப்பு."

பெரில் அவர் பக்கம் குனிந்தாள். "தண்ணியை அந்தப் பக்கம் ஊத்துன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, சார்?"

"இத்தனை வருஷமா எல்லாருக்கும் கப்பு கழுவறீங்க. உங்ககிட்ட வந்து தண்ணியை எங்க ஊத்தணும்னு சொல்றது மரியாதையா?"

"அந்தப் பேப்பர்லயாவது எழுதியிருக்கலாம்."

"எழுதினேன். மனசு கேக்கலை. அடிச்சிட்டேன்."

தூரத்தில் ஒரு குயில் கூவியது. சாவி இன்னும் பெரிலின் நீட்டிய கையிலேயே இருந்தது.

"உள்ள வைங்கம்மா அதை," என்றார் டக்வெல். "பத்தொம்பது வருஷமா அந்த ஞாயித்துக்கிழமை வந்தாலே எனக்கு ஒரே பயம். இன்னிக்கு யாராவது சொல்லிடுவாங்களோ, இன்னிக்கு யாராவது சொல்லிடுவாங்களோன்னு. ஒரு துண்டு கேக் நிம்மதியா இறங்கினதில்லை. நீங்க உங்க வாயாலயே சொல்லிட்டீங்க. இனிமே உங்களை யாரு என்ன சொல்ல முடியும்? சாவி உங்களோடதுதான்."

பெரில் சாவியை ஏப்ரன் பையில் போட்டாள். அந்தப் பக்கத் தோள் கொஞ்சம் இறங்கியது. அது அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

மேவிஸ் தலைவி அல்லவா, உடனே கவலைக்கு வந்தாள். "அப்ப கப்பு யாரு கழுவறது?"

பாதிரியார் ஷூவைப் பார்த்தார். லென் ஷூவைப் பார்த்தான். மேவிஸும் தான் கேட்ட கேள்விக்குத் தானே ஷூவைப் பார்த்தாள். பெரில் மட்டும் டக்வெலைப் பார்த்தாள்.

"சார் உட்கார்ந்துக்கிட்டே கழுவலாம். ஸ்டூல் போட்டுத் தர்றேன்."

"நானா?"

"பச்சைத் தண்ணில."

"பச்சைத் தண்ணிலயா! கை விறைச்சுப் போயிடுமேம்மா."

"ஏப்ரல் முடியற வரைக்கும்தான்."

டக்வெல் எதிர்த்துப் பேச வாயெடுத்தார். சுற்றிலும் நசுங்கிக் கிடந்த பூக்களைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

லென் ஒரு கக்கத்திலும் பாதிரியார் மறு கக்கத்திலும் கை கொடுத்தார்கள். மேவிஸ் ஒன்று, இரண்டு, மூன்று சொன்னாள். பழைய சுவரொட்டியைக் கம்பத்திலிருந்து உரிக்கிறபோது வருமே, அந்தச் சத்தத்தோடு டக்வெல் தரையிலிருந்து பிரிந்து எழுந்தார். ஊன்றுகோலை வாங்கிக்கொண்டு, கம்பீரமாக முன்னால் நடந்தார்.

அவருடைய சாம்பல் நிறக் கால்சட்டையின் பின்புறத்தில், தண்டும் இலையுமாக, பதினோரு நீலமணிகள் ஒட்டியிருந்தன. டக்வெல் இடதுகால் வைத்தால் அவை வலதுபக்கம் ஆடின. வலதுகால் வைத்தால் இடதுபக்கம் ஆடின.

நான்கு பேரும் பார்த்தார்கள். மேவிஸ் ஒரு மரத்தை ஆராய ஆரம்பித்தாள். பாதிரியார் இருமினார். பெரில் வாயைத் திறந்தாள்.

லென் அவள் முழங்கையை அழுத்தினான். "ஒரு நாளைக்கு ஒண்ணு போதும், பெரில்."

அவள் யோசித்துப் பார்த்தாள். அதுவும் சரிதான் என்று பட்டது. எல்லோரும் வெளியே வந்ததும் கதவை இழுத்துச் சாத்தி, தன் கையால் பூட்டினாள்.

ஊர்வலம்போலத் தெருவில் இறங்கினார்கள். முன்னால் டக்வெல், பின்னால் பூ, அதன் பின்னால் மற்றவர்கள். தபால் கடை திறக்கக் காத்திருந்த வரிசை முழுவதும் அவரை எதிரே கண்டு வணங்கியது. அவர் தாண்டிப் போனதும் திரும்பிப் பார்த்தது. உடனே வானத்தைப் பார்த்தது.

"நல்ல வெயில், சார்."

"முட்டி நல்லாயிடுச்சு போலிருக்கே, சார்!"

"பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கீங்க, சார்."

டக்வெல் தொப்பியைத் தொட்டு ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார். திருப்பத்தில் நின்று பெரிலிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"பாத்தீங்களா? இன்னிக்கு எல்லாரும் எவ்வளவு அன்பா இருக்காங்க!"

"ஆமா சார்," என்றாள் பெரில். "வசந்தம் வந்துடுச்சில்ல."